முதல் ஊசி யார் முதுகில்?

மாண்புமிகு சுகாதார அமைச்சர் வைத்தியர் நளிந்த ஜயதிஸ்ஸ அவர்களுக்கு,

கொச்சிக்கடையிலிருந்து எழுதுகிறேன். இன்று செவ்வாய்க்கிழமை. அந்தோனியார் கோயிலுக்கு வந்த சனம் வீதி முழுக்க நிற்கிறது. கையில் மெழுகுதிரியோடு நிற்பவர்களில் எத்தனையோ பேரின் பைக்குள் ஒரு கிளினிக் கொப்பியும் இருக்கும். என் அண்ணாவின் கொப்பி இப்போது என் மடியில் இருக்கிறது.

அண்ணா புறக்கோட்டையில் மூட்டை தூக்குகிறவர். காலை முதல் வெயில், வியர்வை. ஒதுங்க இடமில்லாததால் தண்ணீரும் குடிக்க மாட்டார். அப்படி உழைக்கிறவர்களுக்குக் கல்லு வருவது எங்கள் பக்கத்தில் புதிதல்ல. பொல்பலா அவித்துக் குடித்தார், வாழைத்தண்டுச் சாறு குடித்தார். கடைசியில் ஸ்கேனில் இரண்டு சென்ரிமீற்றருக்கு மேல் என்று தெரிந்தது. முதுகில் துளை போட்டு எடுக்க வேண்டும் என்றார்கள்.

அவர் கையொப்பம் வைத்த சம்மதப் படிவம் சிங்களத்தில் இருந்தது. விரல் காட்டிய இடத்தில் வைத்தார். சிகிச்சை முடிந்த மூன்றாம் நாள் இரவு சிறுநீர் பிளேன்ரீ நிறத்தில் போனது, விடிவதற்குள் சிவப்பாகிவிட்டது. நாலு பைண்ட் இரத்தம் ஏற்றினார்கள். இரவு இரண்டு மணிக்கு ஓர் இளம் வைத்தியர் கட்டிலருகே நின்று, தொங்கிய இரத்தப் பையைத் தன் கையாலேயே அமுக்கி அமுக்கி உள்ளே இறக்கிக்கொண்டிருந்தார். அண்ணாவின் முதுகில் ஊசி போட்டது தான்தான் என்றும், தான் செய்த மூன்றாவது சிகிச்சை அது என்றும் அவரே எனக்குச் சொன்னார். மறைக்கவில்லை. அந்தப் பிள்ளைமேல் எனக்குக் கோபமில்லை. எந்த வைத்தியசாலை என்று இங்கே எழுதப்போவதுமில்லை. ஒரு கட்டடத்தைக் குற்றஞ்சாட்ட இதை நான் எழுதவில்லை.

நீங்கள் வைத்தியர். ஆனாலும் இந்த மடலை வாசிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இந்தச் சிகிச்சையில் கத்தி வைப்பது சிறு வேலை. எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி, விலா எலும்புக்குக் கீழே, சிறுநீரகத்தின் உள்ளிருக்கும் குட்டிக் கிண்ணம் ஒன்றின் நுனியை ஊசியால் பிடிப்பதுதான் பெரிய வேலை. நுனியில் பிடித்தால் பெரிய இரத்தக்குழாய்கள் தப்பும். சில மில்லிமீற்றர் விலகிக் கிண்ணத்தின் கழுத்தில் பட்டால் குழாய் கிழியலாம். கொஞ்சம் மேலே போனால் நுரையீரலின் உறை. ஊசி போன வழியைத்தான் பிறகு ஒரு சென்ரிமீற்றர் அளவுக்கு விரிக்கிறார்கள். ஆகவே ஊசி பிழைத்தால் எல்லாமே பிழைக்கும். திரையோ தட்டை, சிறுநீரகமோ மூச்சுக்கு மூச்சு அசைகிறது. ஆழத்தைக் கைதான் அறிய வேண்டும்.

அந்தக் கை ஒரே நாளில் வருவதில்லை. 1976இல் சுவீடனில் பேர்ன்ஸ்ட்ரமும் யொஹான்சனும் முதன்முதலாக இவ்வழியில் கல்லெடுத்ததை எழுதி ஐம்பது வருடமாகிறது. ஒருவர் திறமை பெற ஏறக்குறைய 60 சிகிச்சைகள் வேண்டும் என்று வெளிநாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கைதேர்ந்தவர்களிடமும் இரத்தம் போகும். 96 நிலையங்களில் 5,803 நோயாளிகளைப் பார்த்து 2011இல் வெளியான ஆய்வில், நூறு பேரில் ஏறக்குறைய ஆறு பேருக்கு இரத்தம் ஏற்ற வேண்டி வந்தது. அண்ணாவுக்கு நடந்தது கையின் பிழைதானா என்று என்னால் சொல்ல முடியாது. என் கேள்வி வேறு. அந்த அறுபதில் முதல் பத்து, இருபது ஏன் உயிருள்ள முதுகில் நடக்க வேண்டும்?

2004இல் அமெரிக்காவில் ஒரு குழு, சுத்தம் செய்த கோழிக்குள் பன்றியின் சிறுநீரகத்தை வைத்து இந்த ஊசியைப் பழக ஒரு மாதிரி செய்து காட்டியது. சிறுநீரகத்தைச் சுற்றிக் கோழியின் சதை, எலும்பு, தோல். மனித முதுகுக்கு அது ஈடாகாதுதான். ஆனாலும் கை பழகும். எங்கள் சந்தையில் ஒரு காலைக்குள் வாங்கக்கூடிய சாமான் அது. உள்ளே ஒரு சிறு கூழாங்கல்லும் போட்டால் பயிற்சி தொடங்கலாம். எக்ஸ்ரே இயந்திரம் தியேட்டரில் ஏற்கெனவே இருக்கிறது. ஞாயிறு பின்னேரம் அதைத் திறந்துவிட ஓர் உத்தரவு போதும்.

நாட்டுக்கு இந்த இளம் வைத்தியர்கள் வேண்டும். 2022க்குப் பிறகு எத்தனை நிபுணர்கள் நாட்டை விட்டுப் போய்விட்டார்கள் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பழகாதே என்று அவர்களைத் தடுத்தால் நாளைக்கு எங்களுக்கு யாருமே இருக்கமாட்டார்கள். நான் கேட்பது இவ்வளவுதான். பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தோடு பேசி, மாதிரியில் பழகி மூத்தவர் ஒருவர் கையெழுத்திட்ட பிறகே நோயாளியின் முதுகில் ஊசி என்று விதி வையுங்கள். ஒவ்வொரு பயிலுநரும் எத்தனை செய்தார், எத்தனை பேருக்கு இரத்தம் ஏற்றப்பட்டது என்று கணக்கு எழுதட்டும். அது தண்டிக்கிற கணக்காக ஆகக் கூடாது, ஆகிவிட்டால் எல்லோரும் மறைப்பார்கள். படிவம் தமிழில் இருக்கட்டும், ஊசி போடுவது யார், பக்கத்தில் நிற்பது யார் என்று வாயாலும் சொல்லட்டும். தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி.

இப்படி வாயால் சொல்வது புதிதல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் சத்திரசிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியல் 2008இல் வந்தது. தோலைக் கீறுவதற்கு முன் தியேட்டரில் இருப்பவர்கள் எல்லாரும் தங்கள் பெயரையும் வேலையையும் சொல்லி, நோயாளி யார், எந்தப் பக்கம், என்ன சிகிச்சை என்று உரக்கச் சொல்ல வேண்டும். எட்டு நகரங்களில் அதைப் பின்பற்றிப் பார்த்தபோது இறப்பு 1.5 வீதத்திலிருந்து 0.8 வீதமாகக் குறைந்தது. ஒரு தாளும் இரண்டு நிமிடமும்தான் செலவு.

சிறுநீரகம் என்ற சொல் எங்கள் பகுதியில் இப்போது வேறு மாதிரித்தான் காதில் விழுகிறது. கொட்டாஞ்சேனையிலிருந்து 2022 டிசம்பரில் பழுதான ஒரு சிறுநீரகத்தை அகற்றுவதற்காகச் சீமாட்டி றிஜ்வே வைத்தியசாலைக்குப் போன மூன்று வயதுப் பிள்ளை 2023 ஜூலையில் இறந்தது. இரண்டையும் எடுத்துவிட்டார்கள் என்று பெற்றோர் முறையிட்டு, விடயம் நீதிமன்றம் போனது. தீர்ப்புச் சொல்வது என் வேலையல்ல. ஆனால் அதற்குப் பிறகு இங்கே தாய்மார் பிள்ளையைத் தியேட்டர் வாசலில் ஒப்படைக்கும்போது கையை விட மறுக்கிறார்கள், அதை நான் கண்ணால் பார்த்தேன்.

இதே சனம்தான் 2019 ஏப்ரல் 21ஆம் திகதி குண்டு வெடித்தபோது இந்த அந்தோனியார் கோயிலிலிருந்து காயப்பட்டவர்களைத் தூக்கிக்கொண்டு தேசிய வைத்தியசாலைக்கு ஓடியது. அன்றைக்கு அங்கே இரவு பகலாக நின்ற கைகளை நாங்கள் மறக்கவில்லை. அந்தக் கைகளில் எங்களுக்கு இருந்த நம்பிக்கை கரையக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

அண்ணா திரும்பவும் வேலைக்குப் போகிறார், பாரம் குறைத்து. வலது சிறுநீரகத்தில் இன்னொரு கல்லு இருக்கிறது. போன தடவை 8 மில்லிமீற்றர் என்றார்கள், கொஞ்ச நாள் பார்ப்போம் என்றார்கள். கொப்பியில் அடுத்த திகதி போட்டிருக்கிறது. அன்றைக்கு நானும் கூடப் போவேன். இந்த முறை படிவத்தை வாசித்துவிட்டுத்தான் அவர் கையொப்பம் வைப்பார்.

இப்படிக்கு,
கொச்சிக்கடையிலிருந்து ஒரு தங்கை