எந்திரம் கேட்டறியாத நம் ஊர்ச் சொற்கள்

பேச்சைக் கேட்டு எழுத்தாக்கித் தரும் எந்திரம் இன்று கைப்பேசிக்குள்ளேயே வந்துவிட்டது. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் இதன் துணையால் செய்தி அனுப்பலாம். அறிவியல் தந்த நற்கொடை இது என்பதில் ஐயமில்லை. ஆனால் தனக்குத் தெரியாத சொல் காதில் விழும்போது அந்த எந்திரம் என்ன செய்கிறது என்று நாம் எண்ணிப் பார்த்ததுண்டா?

1952-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவான 'ஆட்ரி' என்ற கருவிக்குப் பூஜ்யம் முதல் ஒன்பது வரையிலான எண்கள் மட்டுமே தெரியும். 1962-இல் ஐ.பி.எம். நிறுவனம் காட்டிய 'ஷூபாக்ஸ்' 16 சொற்களை அறிந்திருந்தது. பின்னர் வந்தவை பல்லாயிரம் சொற்களைக் கற்றன. எனினும் பட்டியலில் இல்லாத சொல்லைக் கேட்டால், ஒலியில் நெருங்கிய வேறொன்றை எழுதிவிடுவதே அவற்றின் வழக்கம். நாம் 'புஸ்வாணம்' என்று சொல்ல, அது 'புது வானம்' என்று எழுதினால் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் பட்டாசு ஆலையிலிருந்து ஒருவர் பதறி உதவி கேட்கும்போது 'மணி மருந்து', 'திரி' என்னும் தொழிற்சொற்கள் வேறாக எழுதப்பட்டால் சிரிக்க முடியுமா?

தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. வெடி, வெடிக்கடை, வெடிக்கடைக்காரரிடமிருந்து என்று நம் சொற்கள் வால் நீண்டு வளர்கின்றன. எந்தப் பட்டியலில் இவை அனைத்தும் அடங்கும்? ஆகவே இக்கால எந்திரங்கள் சொல்லைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கற்கின்றன. புதிய சொல்லையும் எழுத்துக்கூட்டி எழுத முயல்கின்றன. ஆயினும் அடிக்கடி கேட்ட சொல்லின் பக்கமே சாய்ந்துவிடுகின்றன.

இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவரை நினைத்துப் பாருங்கள். நம் பக்கத்துக் காமநாயக்கன்பட்டியிலும் தொண்டாற்றிய அவர், 1732-இல் சதுரகராதியைத் தந்தார். மக்கள் பேசும் தமிழுக்கென்றே லத்தீன் மொழியில் கொடுந்தமிழ் இலக்கணமும் எழுதினார். எளியோரின் பேச்சுக்குச் செவி கொடுக்காமல் அதைச் செய்திருக்க இயலுமா?

எந்திரம் செய்வோரிடம் நாம் வேண்டுவது இரண்டு. ஐயமுள்ள இடத்தில் எந்திரம் ஊகித்து எழுதாமல், 'விளங்கவில்லை, மறுபடி சொல்லுங்கள்' என்று கேட்க வேண்டும். உயிர் காக்கும் இடங்களில் அதனருகே ஒரு மனிதச் செவியும் இருக்க வேண்டும்.

நம் கடமையும் ஒன்றுண்டு. மொசில்லா அமைப்பு 2017-இல் தொடங்கிய 'காமன் வாய்ஸ்' திட்டத்தில் தமிழுக்கும் இடமுண்டு. விரும்புவோர் தம் குரலை அதற்கு அளிக்கலாம். மாணவிகளே! பட்டாசும் தீப்பெட்டியும் செய்யும் நம் தாய்மாரின் சொற்களைக் கேட்டு ஏட்டில் எழுதுங்கள். பெற்றோர் சம்மதத்துடன் உங்கள் குரலையும் வழங்குங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிக் கேட்டறிவது மாணவிக்கு அழகு. நாளைய எந்திரத்துக்கும் அந்தப் பணிவை நாமே கற்பிப்போம்.