இடையில ஒரு பாட்டுப் போடுவம் அண்ணை

திரும்பவும் வானொலிக்காரரோடு சண்டையோ என்று கேட்பீர்கள். ஓம், திரும்பவும்தான். இந்தமுறை கொஞ்சம் கோபத்தோடு எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

குசினியில் வேலை செய்கிறவனுக்குக் கண்ணும் கையும் முதலாளிக்குச் சொந்தம். காது மட்டும்தான் சும்மா கிடக்கும். டார்ம்ஸ்டாட்டில் ஒரு இத்தாலியன் றெஸ்ரோரண்டில் இருபது வருசத்துக்கு மேலாக மா குழைக்கிறேன், வெங்காயம் வெட்டுகிறேன். அந்தக் காதுக்குள் நான் விட்ட தமிழ் வானொலி கொஞ்சநஞ்சமல்ல. சற்றலைற்றில் வந்த காலத்தில் கேட்டேன், இணையத்தில் கேட்டேன், இப்போது பொட்காஸ்ற் என்று வருவதையும் கேட்கிறேன். பிறந்தநாள் வாழ்த்து, அதற்கொரு பாட்டு. நகைக்கடை விளம்பரம். கோயில் தேர் அறிவித்தல். பாட்டின் முதல் வரியைப் போட்டுப் படத்தின் பெயரைக் கேட்கிற போட்டி. பிறகு மரண அறிவித்தல்.

மரண அறிவித்தலை நான் நக்கலடிக்க மாட்டேன். முழு நிகழ்ச்சியிலும் உண்மையான மனிதர் ஒருவர் வருவது அதில் மட்டும்தான். "இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும், இன்ன நகரை வதிவிடமாகவும் கொண்ட..." என்று வாசிப்பார்கள். அந்தப் பிறப்பிடத்துக்கும் வதிவிடத்துக்கும் நடுவில் நாற்பது ஐம்பது வருசம் கிடக்கிறது. அதைப்பற்றி அந்த மனிதர் உயிரோடு இருக்கும்போது யாராவது ஒரு மைக்கைப் பிடித்துக் கேட்டார்களா?

காது கொடுத்துக் கேட்கத் தெரியாத சனம் இல்லை நாங்கள். 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை, பற்றரிக்குத் தடை. சயிக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்டோம். இரவு 9.15க்கு பிபிசி தமிழோசை. சுற்றுகிற முறை எனக்கு வரும்போது கை உளையும், ஆனால் நிற்பாட்டினால் அப்பு தலையில் குட்டுவார். ஆனந்தி சூரியப்பிரகாசத்தின் குரலும் சங்கரமூர்த்தியின் குரலும் எங்கள் ஒழுங்கையில் எல்லோருக்கும் சொந்தக்காரரின் குரல் மாதிரி. 1941இல் தொடங்கிய அந்த வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30ஆம் திகதியோடு நின்றது. அதற்குத் தமிழோசை என்று பெயர் வைத்தவரே யாழ்ப்பாணத்தார்தான், சோ. சிவபாதசுந்தரம். ஒலிபரப்புக் கலை என்று ஒரு புத்தகமே எழுதியவர். இலங்கை வானொலியில் சானாவின் லண்டன் கந்தையா, சில்லையூர் செல்வராசனின் தணியாத தாகம் என்று நாடகம் கேட்பதற்காகச் சனம் வேலையை விட்டுவிட்டுக் குந்தியிருந்த கதையை அம்மா சொல்லுவா. (கொழும்பில் 1920களில் நடந்த முதல் பரீட்சார்த்த ஒலிபரப்புக்கு, பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கி ஒன்றின் கருவிகளைத்தான் பாவித்தார்கள் என்று சொல்வார்கள். அப்படிப் பார்த்தால் ஜெர்மன்காரனுக்கும் எங்கள் வானொலிக்கும் பழைய உறவு.)

அந்த ஜெர்மன்காரன் வானொலியில் என்ன செய்கிறான் என்று சொல்லவேண்டும். எங்கள் சமையற்காரன் டொச்லாண்ட்பூங்கை விட்டு வேறொன்றும் போட மாட்டான். தொடக்கத்தில் எனக்கு அது பெரிய அறுவை. மொழி கொஞ்சம் பிடிபட்ட பிறகுதான் அவர்கள் 'பீச்சர்' என்று சொல்வது என்னவென்று விளங்கியது. ஒரேயொரு விசயத்தை எடுத்து முக்கால் மணித்தியாலம், ஒரு மணித்தியாலம். மூடின சுரங்கம், ஒரு தாதியின் இரவு வேலை, எல்லையில் செத்தவனின் தாய். சும்மா வாசிப்பதில்லை. அந்த இடத்துக்குப் போய், கதவு திறக்கிற சத்தம், கோப்பை வைக்கிற சத்தம், ஆள் கதைக்காமல் இருக்கிற நேரம், எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டு வந்து கோர்க்கிறார்கள். இதில் பெரிய ஆள் பேர்லினில் இருந்த பீட்டர் லெயோன்ஹார்ட் பிரவுன். 1973இல் அவர் செய்த 'ஐரோப்பாவின் மணிகள்' முழுக்கத் தேவாலய மணிகளைப் பற்றியது. சண்டை வந்தால் மணியை உருக்கிப் பீரங்கி செய்தார்கள், சண்டை முடிந்தால் பீரங்கியை உருக்கி மணி செய்தார்கள். அவ்வளவுதான் கதை. அதைக் கேட்ட அன்று எனக்கு எங்கள் ஊர்க் கோயில் மணி ஞாபகம் வந்து, பீசா ஒன்று கருகி, ஏச்சும் வாங்கினேன்.

இன்னொன்று. வானொலி நாடகத்துக்கு இந்த நாட்டில் கொடுக்கும் பெரிய பரிசுக்குப் பெயர் 'போரில் கண்ணிழந்தோர் பரிசு'. சண்டையில் பார்வை இழந்தவர்களின் சங்கம் 1952 முதல் கொடுத்தது. நடுவர்களாகக் கண்ணிழந்தவர்களும் விமர்சகர்களும் சேர்ந்து இருந்தார்கள். எங்களிடமும் சண்டையில் கண்ணிழந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் காசு சேர்த்து அனுப்பியிருக்கிறோம், மறுக்கவில்லை. அவர்கள் கேட்பதற்கு ஒரு நல்ல நாடகம் செய்து கொடுத்தோமா?

இனி எங்கள் பெரியவரின் கதைக்கு வருகிறேன். எங்கள் குசினியில் கோப்பை கழுவினவர். 1985இல் கிழக்கு பேர்லினில் விமானத்தால் இறங்கி, நகர ரயிலேறி மேற்கு பேர்லினுக்கு வந்தவர்களில் ஒருவர். கம்யூனிஸ்டுக்காரன் திறந்துவிட்ட வாசலால் முதலாளித்துவத்துக்குள் வந்த அகதி என்று தன்னைத்தானே சொல்லிச் சிரிப்பார். வேலை முடிந்து, மேசையெல்லாம் துடைத்த பிறகு, என் கைத்தொலைபேசியில் ஏழு இரவு அவரைப் பதிந்தேன். ஆறு மணித்தியாலம் வந்தது. பின்னால் கோப்பை கழுவும் மெசின் இரைகிற சத்தமும் சேர்ந்துதான்.

ஐந்தாவது இரவு அவர் தம்பியைப் பற்றிச் சொன்னார். 1986இல் தம்பியைச் சுட்டது ஆமி இல்லை. எங்கட பொடியள்தான், வேறு இயக்கம். அதைச் சொல்லிவிட்டு அவர் கனநேரம் ஒன்றும் கதைக்கவில்லை. மெசின் மட்டும் ஓடுகிறது. பிறகு, "உந்தத் தட்டையும் எடுத்து வையும்" என்றார்.

இதை ஒரு தமிழ் வானொலிக்கு அனுப்பினேன். பெயர் வேண்டாம். பதில் சொன்ன தம்பி மரியாதையானவர்தான். "நல்லா இருக்கு அண்ணை. மூண்டு நிமிசமாக் குறைச்சுத் தாங்கோ. இடையில ஒரு பாட்டுப் போடுவம். ஐயாவை இன்னும் கொஞ்சம் நல்ல தமிழில கதைக்கச் சொல்லுங்கோ. பிறகு அந்தத் தம்பியாற்ற விசயம்... அது வேண்டாமண்ணை, இப்ப அதைக் கிளறி என்ன?"

ஆறு மணித்தியாலத்தில் அவர்களுக்கு வேண்டியிருந்தது மூன்று நிமிடம். அதிலும் தம்பி இல்லை.

காசில்லை என்பார்கள். ஜெர்மன்காரனுக்கு வீட்டுக்கு வீடு வானொலிக் காசு வருகிறது, 2021 முதல் மாதம் 18.36 யூரோ, நானும் கட்டுகிறேன். எங்கள் வானொலிப் பிள்ளைகள் வேலை முடிந்து வந்து சம்பளமில்லாமல் இருந்து செய்கிறார்கள், அதுவும் தெரியும். ஆனால் என் பதிவுக்கு ஐந்து சதம் செலவில்லையே. சனத்துக்குப் பொறுமை இல்லை என்பார்கள். இரண்டு மணித்தியாலம் பட்டிமன்றம் கேட்கிற சனத்துக்கா?

எனக்குத் தெரிந்த காரணம் வேறு. மூன்று நிமிடத்தில் ஒருவனை வீரனாக்கலாம், அல்லது பாவப்பட்ட அகதியாக்கலாம். ஒரு மணித்தியாலம் கதைக்க விட்டால் அவன் இரண்டிலும் அடங்க மாட்டான். ஆமி செய்ததைச் சொல்லுவான், பிறகு நாங்கள் செய்ததையும் சொல்லுவான். 1995 ஒக்ரோபர் 30 இரவு யாழ்ப்பாணத்தை விட்டு நடந்தவர்களில் நானும் ஒருவன். அந்த நடையை எத்தனையோ ஒலிபரப்பில் கேட்டுவிட்டேன், இன்னும் கேட்பேன். சரியாக ஐந்து வருசத்துக்கு முன், 1990 அதே ஒக்ரோபர் 30இல், அதே யாழ்ப்பாணத்திலிருந்து முஸ்லிம் சனத்தை இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளிக்கிடச் சொன்னார்களே, புத்தளத்தில் இருக்கிற அந்தத் தாய் ஒருத்தியை முழுதாக ஒரு மணித்தியாலம் கதைக்கவிட்ட புலம்பெயர் தமிழ் நிகழ்ச்சி ஒன்றை நான் கேட்டதேயில்லை.

நானும் பெரிய திறம் இல்லை. 2000ஆம் ஆண்டு, பல்கலைக்கழகத்தைப் பாதியில் விட்டுவிட்டு இங்கே வந்து ஹைமில் கிடந்தபோது, அம்மா கடிதத்துக்குப் பதிலாகக் கசற் அனுப்புவா. ஒரு பக்கம் முப்பது நிமிசம். ஊர்ப் புதினம், யார் செத்தது, மாடு கண்டு போட்டது, நடுவில் "பொறு மோனை, காகம் வடகத்தைக் கொத்துது" என்று எழும்பிப் போவா. துலா கிறீச்சிடுகிற சத்தமும் கேட்கும். வெறும் கசற் வாங்கக் காசு மிச்சம் பிடிக்கவேண்டும் என்று, அறைக்காரப் பொடியனும் நானும் அதன்மேல் சினிமாப் பாட்டுப் பதிந்தோம். ஒன்றுகூட மிஞ்சவில்லை. அம்மாவும் இப்போது இல்லை. இடையில் பாட்டுப் போடுவம் என்று அந்தத் தம்பி சொன்னபோது எனக்குச் சுட்டது ஏனென்று இப்போது விளங்கும்.

பொட்காஸ்ற் வந்தால் எல்லாம் மாறும் என்று நம்பினேன். இரண்டு பேர் கமராவுக்கு முன்னால் கதிரை போட்டு இருந்து, மாறி மாறித் தங்களைப் பற்றியே அலட்டுகிறார்கள். மைக் மட்டும் பெரிது. நூலகம் நிறுவனப் பிள்ளைகள் வாய்மொழி வரலாறுகளைப் பதிந்து இணையத்தில் வைக்கிறார்கள். அவர்களைக் கும்பிடவேண்டும். ஆனால் பெட்டகத்தில் கிடப்பதை எடுத்துச் சனத்தின் காதில் போடுகிற வேலை வானொலிக்காரருடையது. அமெரிக்காவில் 2003இல் நியூயோர்க் ரயில் நிலையத்தில் சின்னக் கூண்டொன்றை வைத்து, தாயும் மகனும், கணவனும் மனைவியும் உள்ளே போய் நாற்பது நிமிடம் கதைத்துப் பதியலாம் என்று தொடங்கினார்கள், ஸ்ரோரிகோர்ப்ஸ் என்று. பதிந்தவை அந்த நாட்டின் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கின்றன, வானொலியிலும் துண்டு துண்டாகப் போனது. எங்கள் கோயில் திருவிழாவில் ஐஸ்கிறீம் கடைக்குப் பக்கத்தில் அப்படியொரு கூடாரம் அடிக்க என்ன முடை? இந்த டார்ம்ஸ்டாட்டிலேயே 103.4இல் விளம்பரமில்லாத உள்ளூர் வானொலி 1997 முதல் இருக்கிறது. சாதாரணச் சனம்தான் நிகழ்ச்சி செய்கிறது. ஒலிபரப்ப இடமில்லை என்று எங்களில் யாரும் சொல்ல ஏலாது.

பெரியவர் போன மாசி மாதம் செத்துப்போனார். எந்த வானொலிக்கு நான் அனுப்பினேனோ, அதே வானொலியில்தான் அவருடைய மரண அறிவித்தலும் போனது. வடிவாகத்தான் வாசித்தார்கள். ஒரு நிமிடமும் கொஞ்சமும். தம்பியின் பெயரும் 'காலஞ்சென்றவர்கள்' வரிசையில் வந்தது.

ஆறு மணித்தியாலத்தையும் ஒன்றும் வெட்டாமல் பகுதி பகுதியாக இங்கே போடப்போகிறேன். அவருடைய மகளிடம் கேட்டுவிட்டேன், ஓம் என்று சொல்லிவிட்டா. மெசின் இரைச்சலுக்கு என்னால் ஒன்றும் செய்ய ஏலாது.

வாற ஞாயிறு பிராங்பேர்ட்டில் ஒரு அம்மாவிடம் போகிறேன். எண்பத்திரண்டு வயது. "கதைக்கிறன், ஆனா நீ சாப்பிட்டிட்டுத்தான் அந்தச் சாமானை அமத்தவேணும்" என்று இப்போதே சொல்லிவிட்டா. அன்றைக்கு எனக்கு லீவு.