கொட்டுமிடமா புத்தளம்?

புத்தளக் கரையோரம் நாட்டுக்குக் கல்லைக் கொடுத்தது. கைம்மாறாகக் குப்பையைப் பெற்றது. அறுவைக்காட்டில் அகழ்ந்த சுண்ணக்கல் பாலாவி ஆலையில் சீமெந்தாகித் தீவெங்கும் மாடிகளை எழுப்பிற்று. 2017இல் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து 30 பேருக்கு மேல் மாண்டனர். அதன்பின் அதே அறுவைக்காட்டிலேயே, மக்களின் எதிர்ப்பையும் மீறி, 2019இல் கொழும்பின் கழிவு கொட்டப்பட்டது.

நுரைச்சோலையின் கதையும் இதுவே. 900 மெகாவாற்று அனல் மின்நிலையத்தின் ஒளி நாட்டுக்கு. சாம்பற்றூசி அயற் கிராமங்களுக்கு. அச்சாம்பலோ வெறுங் கழிவன்று. சீமெந்து ஆலைகளுக்கு அது மூலப்பொருள். சீமெந்தும் மணலும் சேர்த்துக் கட்டடக்கல்லாக வார்க்கவும் இயலும்.

கழிவைச் செல்வமாக்குவோம் என முழங்குவோர் ஒன்றுக்கு விடை கூறட்டும்: செல்வம் யாருக்கு? 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் கிடுகுக் குடிசைகளில் ஆண்டுக்கணக்காக வாழ்ந்த மாவட்டம் இது. வீட்டின் அருமை இம்மண்ணுக்குத் தெரியும்.

சாம்பலில் ஆசனிக்கு, ஈயம் முதலிய நச்சுப் பொருள்கள் கலந்திருத்தல் கூடும்; ஆதலின் பரிசோதனையே முதற்கடன். அதன்பின் கல் வார்க்கும் பட்டறையும், எங்கே எதைக் கட்டுவது என்னும் தீர்மானமும் ஊரவர் கையில் இருத்தல் வேண்டும். தூசியைச் சுவாசிப்பவனுக்கே கல்லும் உரியது. அஃதின்றேல் மீள்பயன்பாடு என்பது குப்பைக்கு இடப்பட்ட நற்பெயரேயன்றி வேறன்று.