களர் என்று யாரைச் சொன்னீர்கள்?

திருவள்ளுவரோடு எனக்கு ஒரு வரப்புத் தகராறு உண்டு. கல்லாமை அதிகாரத்தில் படிக்காதவனை எதோடு ஒப்பிடலாம் என்று யோசித்தவர் களர்நிலத்தைப் பிடித்துக்கொண்டார். இருக்கிறது என்று பேருக்குச் சொல்லலாம், ஒரு பயனும் கிடையாது, படிக்காதவனும் அப்படித்தான் என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். படிக்காதவர்களுக்காக வாதாட இன்றைக்கு ஆள் இருக்கிறது. களருக்கு ஒருத்தரும் இல்லை. பள்ளிக்கூடத்தில் அந்தக் குறளை மனப்பாடமாக ஒப்பித்த எங்களில் பாதிப்பேர் சாயங்காலம் உவர்க்காட்டு வழியாகத்தான் வீட்டுக்கு நடந்தோம்.

வத்திராயிருப்பு, வ. புதுப்பட்டிப் பக்கம் வெளியூர்க்காரர்கள் வருவது சதுரகிரிக்காக. வந்தவர்கள் பிளவக்கல் அணையையும், அதற்குக் கீழே இருக்கும் நெல்வயலையும் தென்னந்தோப்பையும் படம் எடுத்துப் போடுகிறார்கள். பச்சைப் பசேலென்று இருக்கும், பொய் இல்லை. ஆனால் மேற்கே மலை சுவர் மாதிரி நிற்பதால் தென்மேற்குப் பருவமழையில் பெரும்பங்கு அந்தப் பக்கமே இறங்கிவிடுகிறது. நமக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் கதி. அதையும் கண்மாயில் பிடித்து வைத்தால்தான் உண்டு. கண்மாய்த் தண்ணீர் எட்டாத மேட்டில் மணலும் உவருமாகக் கிடக்கிற நிலம் யார் படத்திலும் வருவதில்லை. மழை பெய்து காய்ந்தால் காலையில் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும். எங்க மாமாவுக்கு அதில் மூணு ஏக்கர். ஊரில் அதற்குப் பெயர் 'சும்மா கிடக்குற காடு'.

இலக்கியத்திலும் அது சும்மாதான் கிடக்கிறது. கரிசலுக்கு கி.ரா. இருந்தார், பூமணி இருக்கிறார். கண்மாய்க்கு சோ. தர்மன் 'சூல்' எழுதி சாகித்திய அகாதமி விருதும் வாங்கிவிட்டார். இதில் எனக்குப் பொறாமை இல்லை, அவர்களைப் படித்துத்தான் வளர்ந்தேன். ஆனால் அவர்களுக்குப் பின்னால் வந்த நாம் கரிசலை ஒரு குலதெய்வமாக்கி, மற்ற மண்ணையெல்லாம் வாசலில் நிறுத்திவிட்டோம். ஒரு சின்னத் தகவல் சொல்கிறேன். கரிசல் மண்ணை ஆய்வகத்துக்குக் கொடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் கார அமிலநிலை எட்டைத் தொட்டோ தாண்டியோ வரும். அதுவும் காரமண்தான். அதில் சுண்ணாம்பு, அதாவது கால்சியம், ஆட்சி செய்கிறது. களரில் சோடியம் ஆட்சி செய்கிறது. கால்சியம் மண்துகள்களைச் சேர்த்துப் பிடிக்கும், சோடியம் அவற்றைப் பிரித்துவிடும். பிரிந்த களித்துகள் மண்ணின் துவாரத்தையெல்லாம் அடைத்துக்கொள்ள, ஈரத்தில் சேறு, காய்ந்தால் ஓடு. இவ்வளவுதான் வித்தியாசம். இதற்குப் போய் ஒன்றுக்குக் காவியம், இன்னொன்றுக்கு வசவு.

பழைய ஆட்கள் எல்லாருமே வள்ளுவர் மாதிரி நினைக்கவில்லை. புறநானூற்றில் ஔவையார் பாட்டு ஒன்றில், களர்நிலத்தில் தோண்டிய கிணற்றில் தினமும் துணி வெளுக்கிற ஒரு பெண் வருகிறாள். களர் அங்கே வசவு இல்லை, அவளுடைய வேலையிடம். நாலடியார் இன்னும் ஒரு படி மேலே போகிறது. களரில் பிறந்த உப்பை, நல்ல வயலில் விளைந்த நெல்லைவிடச் சான்றோர் உயர்வாக வைப்பார்கள். அதுபோலக் கீழ்நிலையில் பிறந்தவனும் படித்தால் அவனை உயரத்தில் வைக்கவேண்டும் என்கிறது. அதிலும் மனிதர்களைக் கீழ், மேல் என்று பிரிப்பதில் சந்தேகமில்லாத ஒரு குரல் இருக்கிறது, அது தனிச்சண்டை. ஆனாலும் களரில் ஒன்று விளையும், அதற்கு மதிப்பு உண்டு என்று அந்தச் சமண முனிவருக்குத் தெரிந்திருக்கிறது.

எங்க தெருவுக்குத் துணி வெளுத்த பெரியம்மா ஒருத்தி சொல்வாள்: "உவரு அள்ளணும்னா விடியக்காலையில போயிரணும் தம்பி. மேல பூத்தத மட்டும் வழிச்சு எடுக்கணும். ஆழத் தோண்டுனா வெறும் மண்ணுதான் வரும். எங்க பூக்கும், எங்க பூக்காதுன்னு எங்க ஆத்தாவுக்குக் கண்ணக் கட்டிவிட்டாலும் தெரியும்." அந்த உவரில் துணியை முக்கி, வெள்ளாவியில் வைத்து அவித்துத்தான் ஊர்ப் பெரியமனுசன் வேட்டி வெள்ளையானது. அழுக்கை எடுத்தது அந்தச் சோடியம் கார்பனேட். சலவைச் சோடா கடைக்கு வந்தபிறகு அந்த அறிவுக்குச் சம்பளம் இல்லாமல் போயிற்று. அந்தத் தொழில் சாதியோடு கட்டப்பட்டிருந்தது, அது ஒழிந்ததற்கு நான் அழமாட்டேன். ஆனால் அந்த நிலத்தைப் பற்றி இருந்த அறிவும் சேர்ந்து ஒழிந்தது. ஒழிந்த மறுநாளே நிலத்துக்கு 'உபயோகமில்லாதது' என்று பேர் வைத்துவிட்டோம்.

உப்புக் கதை இன்னும் மோசம். உவர்மண்ணைக் கரைத்து, வடித்து, காய்ச்சி உப்பெடுத்தவர்கள் உப்பிலியர்கள். கம்பெனி 1805இல் சென்னை மாகாணத்தில் உப்பைத் தன் ஏகபோகமாக்கியது. பிறகு வந்த சட்டங்கள், முக்கியமாக 1889ஆம் வருடத்து உப்புச் சட்டம், உரிமம் இல்லாமல் மண்ணிலிருந்து உப்பெடுப்பதைக் குற்றமாக்கின. அவர்களில் பலர் குளம் வெட்டவும் மண் சுமக்கவும் போனார்கள். 1930இல் ராஜாஜி வேதாரண்யத்தில் அள்ளிய கடலுப்பு பாடப்புத்தகத்தில் இருக்கிறது. கடலே பார்க்காத உள்நாட்டு மண்ணுப்பின் கதைக்கு அதில் ஒரு பத்தி கிடையாது.

ஆக 'தரிசு' என்பது மண் ஆய்வு சொன்ன வார்த்தை இல்லை, வரிக்கணக்கு சொன்ன வார்த்தை. வரி வராத நிலம் தரிசு. அதையே கொஞ்சம் நவீனமாக்கி, செயற்கைக்கோள் படம் வைத்து, 2000ஆம் ஆண்டிலிருந்து தேசிய அளவில் தரிசுநில வரைபட நூல் போடுகிறார்கள். ஆடு மேய்ந்த இடம், பனை நின்ற இடம், விறகு பொறுக்கிய இடம் எல்லாம் அதில் ஒரே வண்ணத்தில் வருகிறது.

நிலமற்றவர்களுக்கு நிலம் கொடுக்கும்போது மட்டும் இந்தத் தரிசு திடீரென்று ஞாபகத்துக்கு வரும். செங்கல்பட்டு கலெக்டர் டிரமென்ஹீர் அறிக்கைக்குப் பிறகு 1892இல் பஞ்சமி நிலம் ஒதுக்கப்பட்டபோதும் கைக்கு வந்தது பெரும்பாலும் தரிசுதான். 2006இல் தலா 2 ஏக்கர் திட்டம் வந்தபோதும் அதேதான். மூணு வருசம் கழித்து வந்து, "பாருங்க, நிலம் குடுத்தும் இவங்க உழைக்கல" என்பார்கள். வாய்க்கால் இல்லை, கிணறு இல்லை, மண்ணைத் திருத்தக் காசு இல்லை. களரைக் கொடுத்துவிட்டு, கொடுத்தவனை வள்ளல் என்றும் வாங்கினவனைக் களர் என்றும் சொல்கிற இந்தச் சாமர்த்தியம் எனக்கு எரிச்சலைத் தருகிறது.

சரி, திருத்த முடியாதா? முடியும். சோடியத்தை விரட்ட ஜிப்சம் போட வேண்டும். அதிலுள்ள கால்சியம் மண்துகளில் உட்கார, வெளியேறிய சோடியம் சல்ஃபேட்டாகித் தண்ணீரில் கரையும். நல்ல தண்ணீரைத் தேக்கி, அந்தக் கரைசலை வடித்து வெளியே அனுப்ப வேண்டும். பிறகு தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழவேண்டும். கர்னாலில் 1969இலிருந்து இதற்கென்றே மத்திய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. உத்தரப் பிரதேசத்தில் 1993இலிருந்து உலக வங்கிக் கடனில், வடிகால் வெட்டுவதையும் திட்டத்தின் பகுதியாக்கி, பெரிய அளவில் செய்தும் காட்டினார்கள். (அங்கே அந்த நிலத்துக்கு 'ஊசர்' என்று பெயர். நம் உவர் காதில் விழுகிறதா?) நம் திருச்சி வேளாண் கல்லூரியே களருக்கென்று திருச்சி 1, திருச்சி 3 என்று நெல் ரகங்களைக் கொடுத்திருக்கிறது. அதற்கும் முன்னாலேயே களர்பாலை, உவர்முண்டான் என்று பெயரிலேயே மண்ணைச் சுமந்த நெல் நம்மிடம் இருந்தது.

எங்க மாமா கதைக்கு வருகிறேன். மண்வள அட்டையில் 8.9 என்று போட்டு, ஜிப்சம் மூட்டைக்கணக்கும் எழுதிக் கொடுத்தார்கள். மாமா போட்டார். கண்மாய்த் தண்ணீர் மேட்டுக்கு வராததால் போர்வெல் தண்ணீரைத்தான் தேக்கினார். அந்தத் தண்ணீரே சோடியமும் பைகார்பனேட்டுமாக வருகிறது. பைகார்பனேட், போட்ட கால்சியத்தைப் பிடித்துச் சுண்ணாம்பாகப் படியவைத்துவிடும். சோடியத்துக்கு எதிரி ஒழிந்தான். இரண்டு வருசத்தில் மண் பழையபடி. பேதிக்கு மருந்து கொடுத்துவிட்டு கக்கூஸைப் பூட்டின கதை. அட்டையில் தண்ணீரைப் பற்றி ஒரு வரி கிடையாது. இதில் கொடுமை என்னவென்றால் மாமாவுடையது மணற்பாங்கான உவர். களிமண் களரைவிட இதில் தண்ணீர் சுலபமாக இறங்கும், கழுவி எடுப்பது லேசு. கழுவ நல்ல தண்ணீர்தான் இல்லை. ஆழமாகப் போர் போடப்போட, நல்லாயிருந்த கீழ்வயலும் பூக்க ஆரம்பித்திருக்கிறது. களர் பிறவிக் கோளாறு என்று நினைப்பவர்கள் வந்து பார்க்கலாம். நாம் மோட்டார் வைத்து உற்பத்தி செய்துகொண்டிருக்கிறோம்.

அதனால் 'தரிசை விளைநிலமாக்குவோம்' என்ற கோஷத்தைக் கேட்டால் எனக்குப் பயமாக இருக்கிறது. எல்லா மண்ணும் நெல் விளைந்து காட்ட வேண்டிய அவசியம் இல்லை. இந்த மண்ணில் பனை நிற்கும், வேம்பும் புங்கனும் நிற்கும், இலந்தையும் நெல்லியும் காய்க்கும். கோடையில் கண்மாய்க் கரம்பையை வண்டியில் கொண்டுவந்து அடித்து, ஆட்டுக்கிடை போட்டால் கம்போ கேழ்வரகோ எடுக்கலாம். கரம்பை அடிப்பது ஒன்றும் புதுச்சரக்கு இல்லை, எங்க தாத்தா காலத்து வழக்கம். மணலுக்குப் பிடிமானம் வேண்டும், கண்மாயைத் தூர்வார வேண்டும், இரண்டும் ஒரே வேலையில் முடியும். நடுவில் அனுமதிச் சீட்டு என்று ஒன்று வந்து நின்றது. 2017இல் வண்டலை விவசாயிகள் இலவசமாக அள்ளலாம் என்றார்கள், 2024இல் தாசில்தாரே அனுமதி கொடுக்கலாம் என்றார்கள். நல்லது. ஆனால் அதே சீட்டு லாரிக்காரனுக்கு வேறு மாதிரி வேலை செய்கிறது. 'சவுடு' என்று எழுதி வாங்கிக்கொண்டு மணலை ஏற்றுவார்கள். இந்தப் பேச்சுவழக்குப் பெயரை வைத்துக்கொண்டு குவாரி அனுமதி கொடுக்காதே, என்ன கனிமம் என்று ஆய்வு செய்துவிட்டுக் கொடு என்று 2021இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொல்லவேண்டி வந்தது. விளைச்சலுக்கு உதவாத மண், பத்து சக்கர லாரிக்கு மட்டும் எப்படி உதவுகிறதோ!

போன மாசம் மாமாவைப் பார்க்க ஒரு புரோக்கர் வந்தான். சோலார் கம்பெனிக்கு மொத்தமாக வளைக்கிறார்களாம். "இதுல புல்லுகூட முளைக்காது, வந்த விலைக்குக் குடுத்துருங்க" என்றிருக்கிறான். மாமா அவனைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டின பனை, எண்ணினால் நாற்பத்திமூணு. "இதெல்லாம் கணக்குல வராதுங்க" என்றானாம். அப்போது மாமா கேட்டதைத்தான் என்னிடம் திரும்பத்திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறார்: "ஒண்ணுத்துக்கும் ஆகாத நிலத்துக்கு நீ எதுக்குய்யா நாலாவது தடவையா நடக்க?"