செகண்ட் ஹேண்ட் ஸ்பீக்கரும் கடலோர வீடும்

புதிதாக வாங்கினால் லட்சக்கணக்கில் விலை சொல்லும் ஸ்பீக்கர்கள், கை மாறி வரும்போது பாதி விலைக்கும் கீழே இறங்கிவிடுகின்றன. கடலூர், சிதம்பரம் பக்கம் அவை வந்து சேர வழிகளும் உண்டு. வளைகுடாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ ஊர் திரும்பியவர் கொண்டு வந்தது, புதுச்சேரியில் வீட்டைக் காலி செய்கிறவர் விற்பது, சென்னை ரிச்சி தெருவில் அகப்படுவது... ஜேபிஎல், போஸ், கேஇஎஃப் என்று பெட்டியின் முகப்பில் பெயரைப் பார்த்ததும் பலருக்குக் கை பரபரக்கிறது. இரண்டு மாதச் சம்பளத்தை எண்ணிக் கொடுத்து, வீட்டில் கொண்டு வந்து பாட்டைப் போட்டால், தெருமுனை டீக்கடைப் பெட்டியே தேவலை என்று தோன்றும்! விற்றவரைத் திட்டிப் பயனில்லை. வாங்கியவர் வீட்டு அறையையும் ஆம்ப்ளிபையரையும் மறந்துவிட்டு, பெயரை வாங்கி வந்திருக்கிறார்.

முதலில் அறை. இந்தப் பக்கத்து வீடுகளில் ஹால் என்பது பெரும்பாலும் 10க்கு 12 அடி. செங்கல் சுவர், கான்கிரீட் கூரை, வழுவழுவென்று டைல்ஸ் தரை. அமெரிக்காவில் மரச்சட்டத்தில் பலகை அடித்துக் கட்டிய வீடுகளில் பேஸ் ஒலியில் ஒரு பங்கு சுவர் வழியே வெளியேறிவிடும். இங்கே அது போக வழியில்லாமல் உள்ளேயே முட்டி மோதும். 12 அடி நீளத்துக்குச் சுமார் 47 ஹெர்ட்ஸிலும், 10 அடி அகலத்துக்குச் சுமார் 56 ஹெர்ட்ஸிலும் அறையே சேர்ந்து பாட ஆரம்பிக்கும். அதில் 12 அங்குல வூஃபரைக் கொண்டு வந்து வைத்தால், மிருதங்கத்தின் தொப்பி அடியானாலும் சினிமாப் பாட்டின் பேஸ் கிடாரானாலும் ஒரே 'கும்' தான். போதாததற்குப் பலர் ஸ்பீக்கரை டிவி ஷோகேஸுக்குள் செருகி வைக்கிறார்கள். பின்பக்கம் ஓட்டை வைத்த பெட்டியை அப்படிச் செருகுவதைவிட, வாங்காமலே இருந்திருக்கலாம்.

சின்ன அறைக்குச் சின்னப் பெட்டி என்பது ஏழைக்கு வந்த சமாதானம் அல்ல. 1970களில் பிபிசி, வெளியிட ஒலிபரப்பு வேன்களுக்குள் வைத்துக் கேட்பதற்காக எல்எஸ்3/5ஏ என்ற ஸ்பீக்கரை வடிவமைத்தது. ஓரடி உயரம், சுமார் 5 கிலோ எடை, முழுதாக மூடிய பெட்டி. வேனுக்கென்று செய்த அது இன்றும் உலகம் முழுக்கத் தேடி வாங்கப்படுகிறது. அதையே வாங்க வேண்டும் என்பதில்லை (சேகரிப்பவர்கள் கொடுக்கும் விலையைக் கேட்டால் தலை சுற்றும்). அந்த மாதிரி மூடிய சின்னப் பெட்டியைத் தேடினால் போதும். சிதம்பரத்தில் பிறந்த சி.எஸ்.ஜெயராமன் 'பராசக்தி' (1952) காலத்தில் பாடிய மோனோ பாட்டுகளில் அடிபாதாள பேஸ் ஏது? அந்தக் குரலின் கார்வை முழுக்க நடு ஸ்வரங்களில்தான் இருக்கிறது.

ஆனால் சின்னப் பெட்டிக்கு வாட் பசி அதிகம். எல்எஸ்3/5ஏ ஒரு வாட்டுக்கு, ஒரு மீட்டர் தூரத்தில் கொடுப்பது 82 டெசிபல் சொச்சம். 91 டெசிபல் கொடுக்கும் ஸ்பீக்கரின் சத்தத்தை அதில் கொண்டுவர 8 மடங்கு வாட் வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் வாட் இரட்டிப்பாகிறது. வீட்டில் 20 வாட் ஆம்ப்ளிபையரை வைத்துக்கொண்டு இதை வாங்கக் கூடாது. அடுத்தது 4 ஓமா, 8 ஓமா என்பது (சிதம்பரத்தில் ஓம் என்றால் வேறு அர்த்தம்!). 8 ஓமுக்குச் செய்த ஆம்ப்ளிபையரில் 4 ஓம் ஸ்பீக்கரை மாட்டிச் சத்தமாக வைத்தால் அது அடுப்பாகச் சுடும்.

போஸ் 901 இன்னொரு பாடம். 1968இல் வந்து 2016இல் தயாரிப்பு நின்றுபோன இதில் ஒரு பெட்டிக்கு 9 ஸ்பீக்கர்கள், அதில் 8 பின்பக்கம் பார்த்தவை. கூடவே வரும் ஈக்வலைசர் பெட்டி இல்லாமல் இதை ஓட்டினால் பேஸும் இருக்காது, ஜால்ரா சத்தமும் இருக்காது. கை மாறி வருகையில் முதலில் காணாமல் போவது அந்தச் சின்னப் பெட்டிதான். விலை மலிவாக இருக்கிறதே என்று சந்தோஷப்படுவதற்கு முன்னால் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

இந்த ஊருக்கென்றே உள்ள ஆபத்து காற்றும் தண்ணீரும். வூஃபரைச் சுற்றியுள்ள ஃபோம் வளையம் எங்கிருந்தாலும் 15, 20 வருஷத்தில் உதிரும், ஈரப்புழுக்கத்தில் இன்னும் சீக்கிரம். முன் துணியைக் கழற்றி விரலால் மெல்லத் தொட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். ரப்பர் வளையம் என்றால் கவலை குறைவு. சவுண்டு சர்வீஸ்காரர்களிடம் கொடுத்துக் கோன் மாற்றிய ஸ்பீக்கர் பாடத்தான் செய்யும், ஆனால் கல்யாண மண்டபத்துக்குப் பாடும். அடுத்து பெட்டியின் அடிப்பாகம். 2011 தானே புயலையும் 2015 வெள்ளத்தையும் பார்த்த மாவட்டம் இது. தண்ணீரில் நின்ற எம்டிஎஃப் பலகை விளிம்பில் உப்பிக் காட்டிக் கொடுத்துவிடும், மேலே எவ்வளவு பாலிஷ் போட்டிருந்தாலும் சரி. டெர்மினலில் பச்சை பூத்திருந்தால் உப்புக்காற்று உள்ளேயும் போயிருக்கும்.

கடலூரிலிருந்து சிதம்பரம் 45 கிலோமீட்டர்தான். ஆம்ப்ளிபையரை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனால் கண்டக்டர் லக்கேஜ் போடுவார், போடட்டும். சொந்த ஆம்ப்ளிபையரில், மனப்பாடமாகத் தெரிந்த பாட்டில் கேட்க வேண்டும். இளையராஜாவின் திருவாசகம் (2005) இருந்தால் நல்லது, கோரஸும் தனிக்குரலும் பிரிந்து கேட்கிறதா என்று தெரிந்துவிடும். இரண்டு பெட்டியின் சீரியல் நம்பரும் ஜோடிதானா என்றும் பார்த்துக்கொள்ளலாம். ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்க விடமாட்டேன் என்று விற்பவர் சொன்னால், கொடுத்த டீயைக் குடித்துவிட்டு ஆம்ப்ளிபையரோடு அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிட வேண்டியதுதான்.