நிலாவில் வீடு கட்டலாம். ரிப்பேர் யார் பண்ணுவது?

“நிலாவுல வீடு கட்டப்போறாங்களாம்! முதல்ல நம்ம ஹாஸ்டல் பாத்ரூம் குழாயைச் சரி பண்ணச் சொல்லு மச்சி!”

இப்படிச் சிரிக்கிற நண்பன் உங்க ரூமிலும் ஒருத்தன் இருப்பான். ஆனால் அவன் தெரியாமலேயே சரியான இடத்தைத் தொட்டுவிட்டான் என்பேன்.

சிமென்டையும் கம்பியையும் ராக்கெட்டில் ஏற்றிப்போவது கட்டுப்படியாகாது. அங்கே கிடைக்கிற மண்ணைத்தான் பயன்படுத்தணும். காற்றே இல்லாத இடத்தில் தண்ணீர் கொதித்து ஆவியாகிவிடும் என்பதால், நம்ம ஊர் கான்கிரீட் அங்கே வேலைக்கு ஆகாது. மண்ணை 1,000 டிகிரிக்கு மேல் சூடாக்கிக் கல்லாக்குவது ஒரு வழி. இதுபோன்ற முயற்சிக்காக 2022-ல் ஐகான் நிறுவனத்துக்கு 5.72 கோடி டாலர் ஒப்பந்தம் கொடுத்தது நாசா. கதிர்வீச்சிலிருந்து தப்பிக்க, மனிதர்கள் போவதற்கு முன்பே வீடு தயாராக இருப்பது நல்லது. ஆக, கொத்தனார் ரோபோதான்.

தோண்டுவதே அங்கே ஒரு சவால். ஜேசிபி தன் எடையை ஊன்றித்தான் தோண்டுகிறது. நிலாவிலோ ஈர்ப்பு ஆறில் ஒரு பங்குதான்; மண் நகர்வதற்குப் பதில் வண்டி நகரும்! அதனால்தான் நாசாவின் ராஸர் ரோபோவில் இரண்டு உருளைகள் எதிரெதிராகச் சுற்றுகின்றன. ஒன்றின் விசையை மற்றொன்று ஈடுகட்டிவிடும். அழகான ஐடியா, இல்லையா?

ஆனால் எல்லாரும் 3டி பிரின்டரையே பார்த்து வாய்பிளக்கிறோம். என் கவலை தூசி பற்றியது. தேய்க்கக் காற்றும் நீரும் இல்லாததால் நிலாத் துகள்கள் கண்ணாடிச் சில்லு மாதிரி கூர்மையானவை. 1972-ல் அப்போலோ 17 வண்டியின் மட்கார்டு உடைந்தபோது, வீரர்கள் மேலெல்லாம் தூசி. வரைபடத் தாள்களை டேப் போட்டு ஒட்டிச் சமாளித்தார்கள். அன்றைக்கு மனிதன் இருந்தான், ஒட்டினான். நாளைக்கு ரோபோ மட்டும் இருந்தால்? ஒரு பேரிங்குக்குள் தூசி புகுந்தால் போதும், மொத்தக் கட்டுமானமும் பாதியில் நிற்கும்.

அதனால் என் கருத்து இதுதான்: முதலில் கட்டுகிற ரோபோ அல்ல, ரிப்பேர் பண்ணுகிற ரோபோவும் தூசி புகாத மூட்டும்தான் தேவை. இதற்கு நாசாவில் சேரும்வரை காத்திருக்க வேண்டாம். சந்திரயான்-2 சோதனைக்கான ‘நிலா மண்ணை’ நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதிப் பாறையை அரைத்துத்தான் இஸ்ரோ தயாரித்தது. நம்ம பக்கத்து ஊர்க் கல் சார் அது!

ஃபைனல் இயர் புராஜெக்ட்டைக் காசு கொடுத்து வாங்குவதை இந்த வருஷமாவது விடுவோம். கிரஷர் பாறைத்தூளில் ஒரு மோட்டாரை ஓடவிடுங்கள். எத்தனை மணி நேரத்தில் நிற்கிறது, ஏன் நின்றது என்று எழுதுங்கள். மெக்கானிக்கல், சிவில், இசிஇ மூன்று பேரும் சேர்ந்தால்தான் விடை வரும். தோற்றாலும் அது உங்க சொந்தத் தோல்வி.

அப்படியே அந்த ஹாஸ்டல் குழாயையும் ஒரு கை பாருங்க. ரிப்பேர் கற்றுக்கொள்ள அதுவும் நல்ல ஆரம்பம்தான்.