இருக்கை யாருக்கு?

கால்பந்து ஏழைக்கும் எட்டும் விளையாட்டு. ஒரு பந்தும் ஒரு திடலும் இருந்தால் போதும். இருபத்திரண்டு பேர் ஆடலாம், ஊரே கூடிக் களிக்கலாம். ஆனால் ஆடுவதற்கு எளிதான இவ்விளையாட்டைப் பெரிய அரங்குகளில் காண்பதோ நாளுக்கு நாள் அரிதாகி வருகிறது. அரங்கில் இடம் அளவோடுதான் உண்டு. அந்த இடமும் உண்மை ரசிகர்களுக்குச் சேராமல் இடைத்தரகர் கைக்குப் போய்விடுகிறது. இதைக் குறித்துப் பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் எங்கள் கருத்தைக் கூற விரும்புகிறோம்.

ரயிலில் நாள்தோறும் செல்வோர் சீசன் டிக்கெட் வாங்குவதை நாம் அறிவோம். கால்பந்துக் கழகங்களும் அதுபோலவே சீசன் டிக்கெட் விற்கின்றன. ஓர் ஆட்டப் பருவம் முழுவதும் கழகத்தின் சொந்த அரங்கில் நடக்கும் ஆட்டங்களைக் காணும் உரிமை அது. நம் நாட்டில் 2014 இல் தொடங்கிய இந்தியன் சூப்பர் லீக் போட்டியில் ஆடும் கழகங்களும் இத்தகைய டிக்கெட்டுகளை விற்றிருக்கின்றன. ஆனால் ஒருவர் எல்லா ஆட்டங்களுக்கும் வர இயலுமா? காய்ச்சல் வரும், தேர்வு வரும், உறவினர் திருமணம் வரும். அன்று அந்த இருக்கையை என்ன செய்வது?

கல்யாணப் பந்தியை எண்ணிப் பாருங்கள். இலை போட்ட இடத்தில் ஒருவர் உட்காரவுமில்லை, பிறரை உட்கார விடவுமில்லை என்றால் அதை அழகென்போமா? அந்த இலையை வாசலில் நிற்பவருக்கு இரு மடங்கு விலைக்கு விற்றால் என்ன சொல்வோம்? இருக்கையை வீணாக்குவதும் தவறு. அதைக் கள்ளச் சந்தைப் பொருளாக்குவது அதனினும் பெரிய தவறு.

"இடம் போதவில்லையென்றால் இன்னும் பலரை உள்ளே விட்டால் என்ன?" என்று சிலர் கேட்கலாம். அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு. மாங்கனித் திருவிழாவிலும், திருநள்ளாற்றுச் சனிப்பெயர்ச்சியிலும், வேளாங்கண்ணிப் பெருவிழாவிலும் கூட்ட நெரிசல் எத்தகையது என்று காரைக்கால் மக்களாகிய நாம் அறிவோம். 1980 ஆகஸ்டு 16 அன்று கல்கத்தா ஈடன் கார்டன்ஸ் திடலில் ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் அணிகள் ஆடியபோது எழுந்த கலவரத்திலும் நெரிசலிலும் 16 ரசிகர்கள் உயிரிழந்தனர். 2025 ஜூன் 4 அன்று பெங்களூருச் சின்னசாமி அரங்கின் வாயில்களில், கிரிக்கெட் வெற்றி விழாவைக் காண வந்தவர்களுள் 11 பேர் நெரிசலில் மாண்டனர். விளையாட்டைக் காணச் சென்ற பிள்ளை வீடு திரும்பவில்லை என்றால் அந்தத் தாய்க்கு எந்த வெற்றிக் கோப்பை ஆறுதல் தரும்?

ஓர் அரங்கம் எத்தனை பேரைத் தாங்கும் என்பதை நாற்காலிகளை எண்ணி மட்டும் கூறிவிட முடியாது. ஆபத்து வந்தால் எத்தனை பேர் விரைவில் வெளியேற முடியும் என்று வாயில்களையும் படிக்கட்டுகளையும் கொண்டு கணக்கிட வேண்டும். கொச்சி ஜவாஹர்லால் நேரு அரங்கில் சூப்பர் லீக் ஆட்டங்களுக்கு 60,000 பேருக்கு மேல் கூடியதுண்டு. அதே அரங்கில் 2017 இல் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை ஆட்டங்கள் நடந்தபோது, பாதுகாப்புக் கருதி 29,000 பேருக்கு மேல் அனுமதியில்லை என்று வரம்பு கட்டினார்கள். ரசிகர்களுக்கு ஏமாற்றந்தான், ஆயினும் அது சரியான முடிவே. இடத்தைப் பெருக்க முடியாதபோது இருப்பதை நேர்மையாகப் பங்கிடுவதே வழி.

அதற்கு வழிகாட்டிகள் உண்டு. ஜெர்மனியின் பயர்ன் மியூனிக் கழக அரங்கில் 75,000 பேர் கூடலாம். சீசன் டிக்கெட்டுகளோ ஏறத்தாழ 38,000 தாம். எஞ்சிய இடம் மற்றவர்களுக்கு. வர இயலாதவர் தம் இருக்கையைக் கழகத்தின் வழியாகவே இன்னொரு ரசிகருக்குக் கொடுக்கலாம். அடிக்கடி இருக்கையைக் காலியாக விடுபவர் அடுத்த ஆண்டு சீசன் டிக்கெட்டை இழக்க நேரும். நம் காரைக்காலோடு பழைய உறவுடைய பிரான்சு நாட்டில், அமைப்பாளரின் அனுமதியின்றி டிக்கெட்டுகளை வழக்கமாக மறுவிற்பனை செய்வது 2012 மார்ச் 12 ஆம் நாள் சட்டப்படி குற்றம். 15,000 யூரோ வரை அபராதம். இங்கிலாந்திலும் கால்பந்து டிக்கெட்டுகளை அனுமதியின்றி விற்பதை 1994 ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

"என் பணம் கொடுத்து வாங்கியது, என் விருப்பப்படி விற்பேன்" என்று வாதிடுவோரும் உளர். அவர்கள் கொடுத்த பணம் திரும்பக் கிடைக்க வேண்டும் என்பதை நாங்களும் ஒப்புக்கொள்கிறோம். கூடுதல் இலாபத்தைத்தான் மறுக்கிறோம். 2026 உலகக் கோப்பைக்காக ஃபிஃபா நடத்திய மறுவிற்பனையில் வாங்குபவரிடம் 15 விழுக்காடும் விற்பவரிடம் 15 விழுக்காடும் கழிவாகப் பெற்றது. காவலரே வணிகரானால் கள்ளச் சந்தையை யார் தடுப்பது?

இதில் பெண்களுக்குத் தனித் துன்பம் உண்டு. காரைக்காலிலிருந்து சென்னை ஏறத்தாழ 300 கிலோமீட்டர். டிக்கெட் உறுதியாகக் கையில் இருந்தால்தான் ஒரு மகளை அழைத்துச் செல்லத் தந்தை துணிவார். அரங்க வாசலில் கள்ள விலை பேசி, முண்டியடித்து நுழைய எங்களால் ஆகுமா? ஈரான் நாட்டில் 2019 அக்டோபர் 10 அன்று, பல்லாண்டுகளுக்குப் பின், உலகக் கோப்பைத் தகுதி ஆட்டத்தைக் காணப் பெண்கள் டிக்கெட் வாங்க முடிந்தது. 78,000 பேர் அமரும் ஆசாதி அரங்கில் அவர்களுக்கு ஒதுக்கியவை 3,500 அளவே. அவை விற்றுத் தீர்ந்தன. மற்ற இருக்கைகளோ பெரும்பாலும் காலியாகக் கிடந்தன. காலி இருக்கைக்குப் பின்னால் வெளியே நிற்கும் ஒரு ரசிகை இருக்கிறாள் என்பதை மறக்கலாகாது.

ஆகவே நாங்கள் கேட்பது இவையே. ஒவ்வோர் அரங்கமும் பாதுகாப்பாக எத்தனை பேரை ஏற்கும் என்பதை வாசலில் எழுதி வைக்கட்டும்; அதற்கு மேல் ஒரு டிக்கெட்டும் விற்க வேண்டாம். வர இயலாதவரின் டிக்கெட்டைக் கழகமே வாங்கிய விலைக்குத் திரும்பப் பெற்று, காத்திருப்போருக்கு வரிசைப்படி அதே விலைக்குக் கொடுக்கட்டும். இருக்கையை நிரப்பாமலே வைத்திருப்பவர் அடுத்தவருக்கு வழிவிடட்டும்.

இப்பழக்கத்தை நம் பள்ளியிலேயே தொடங்கலாமே! ஆண்டு விழாவுக்கு வர இயலாத வீட்டார் தம் அழைப்பிதழை முன்னதாகவே திருப்பிக் கொடுத்தால், பின்னால் நின்று பார்க்கும் ஒரு பாட்டிக்கு நாற்காலி கிடைக்கும். சிறு மண்டபத்தில் கற்கும் நேர்மை நாளை பெரிய அரங்கிலும் துணை நிற்கும்.

பத்தாம் வகுப்பு மாணவி